சட்டப் பேராசிரியரிலிருந்து பாதுகாப்பு அமைச்சர் வரை: அனிதா ஆனந்த் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் பாதுகாப்பு அமைச்சராக 2021 அக்டோபர் முதல் 2023 ஜூலை வரை இருந்த அனிதா ஆனந்த், தமிழ் ஊடகங்களில் பெரும்பாலும் "தமிழ் வம்சாவளிப் பெண் அமைச்சரானார்" என்ற ஒற்றை வரிச் செய்தியாகவே வந்துபோகிறார். அந்த வரியில் அவருடைய தொழில் காணாமல் போய்விடுகிறது. அதிகாரத்தில் இருப்பவர்களைக் கண்காணிக்க வேண்டியவர் யார், அந்தக் கண்காணிப்பு உண்மையில் நடக்கிறதா என்பதை நிறுவனச் சட்டத்தின் வழியாக நெடுங்காலம் ஆராய்ந்த ஒரு வழக்கறிஞர், அதே கேள்வியை ஒரு ராணுவத்தின் முன் வைக்க நேர்ந்ததுதான் இந்த வாழ்க்கைப் பாதையின் சிறப்பு என்பது இந்தப் பக்கத்தை எழுதுபவரின் கருத்து. வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு அந்தக் கோணத்திலிருந்தே இங்கே விடை சொல்லப்படுகிறது. தொகைகள் அனைத்தும் கனடிய டாலரில்.

லண்டனில் இருக்கும் வானொலித் தொகுப்பாளர் அனிதா ஆனந்தும் இவரும் ஒருவர்தானா?

இல்லை. அவர் பிரிட்டனைச் சேர்ந்த பத்திரிகையாளர். பெயர் ஒன்றாக இருப்பதால் இணையத்தில் இருவருடைய படங்களும் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன.

அவருக்கும் தமிழ்நாட்டுக்கும் என்ன தொடர்பு?

தந்தை வழித் தொடர்பு. அவருடைய தந்தை தமிழ்நாட்டைச் சேர்ந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர். தாய் பஞ்சாபைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர். தந்தை வழித் தாத்தா வி. ஏ. சுந்தரம் காந்தியைப் பின்பற்றி விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். அயர்லாந்தில் சந்தித்துக்கொண்ட பெற்றோர் பல நாடுகளில் வாழ்ந்த பின் 1960-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அனிதா 1967 மே 20 அன்று கனடாவின் கிழக்குக் கரை மாகாணமான நோவா ஸ்கோஷியாவில், கென்ட்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். அந்தக் காலத்தில் அங்கே இந்தியக் குடும்பங்கள் மிகக் குறைவு. டொராண்டோவின் புறநகர்களில் கூடி வாழும் தமிழ்ச் சமூகத்திலிருந்து எழுந்து வந்த அரசியல்வாதி என்று அவரைச் சிலர் எழுதுவது சரியல்ல. அவர் வளர்ந்த சூழல் முற்றிலும் வேறு. உடன்பிறந்த சகோதரிகளில் ஒருவர் தொழிலாளர் சட்ட வழக்கறிஞர், மற்றொருவர் மருத்துவ ஆய்வாளர்.

சட்டம் எங்கே படித்தார்?

நேராகச் சட்டத்துக்கு வரவில்லை. ஒன்டாரியோ மாகாணத்தின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்து 1989-இல் பட்டம் பெற்றார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் வாதம் கல்லூரியில் சட்டவியல், நோவா ஸ்கோஷியாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் சட்டம், டொராண்டோ பல்கலைக்கழகத்தில் சட்ட முதுகலை என்று நான்கு பட்டங்கள். 1994-இல் ஒன்டாரியோவில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு, டொராண்டோவின் பெரிய சட்ட நிறுவனங்களுள் ஒன்றான டோரிஸில் சில ஆண்டுகள் பணியாற்றினார். அதன் பின் கற்பிக்கும் பணிக்கு மாறி, வெஸ்டர்ன், குயின்ஸ் பல்கலைக்கழகங்களைக் கடந்து 2006-இல் டொராண்டோ பல்கலைக்கழகச் சட்டப் புலத்தில் சேர்ந்தார். அரசியலுக்கு வரும் வரை அங்கேயே இருந்தார்.

எந்த வகைச் சட்டத்தில் அவர் வல்லுநர்? ராணுவச் சட்டமா?

ராணுவச் சட்டத்துக்கும் அவருக்கும் அப்போது எந்தத் தொடர்பும் இல்லை. பங்குச் சந்தை ஒழுங்குமுறை, முதலீட்டாளர் பாதுகாப்பு, நிறுவன ஆளுகை ஆகிய மூன்றும்தான் அவருடைய துறைகள். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் முதலீட்டாளர் பாதுகாப்புக்கும் நிறுவன ஆளுகைக்கும் என்றே அமைந்த, ஜே. ஆர். கிம்பர் பெயரிலான பேராசிரியர் இருக்கையை அவர் வகித்தார்.

நிறுவன ஆளுகை என்பது நம் வாசகர்களுக்குச் சற்று அந்நியமாகத் தோன்றலாம். ஒரு கோயிலின் சொத்து பக்தர்கள் தந்தது, முடிவெடுப்பது அறங்காவலர் குழு, அன்றாடம் நடத்துவது செயல் அலுவலர் என்றால், செயல் அலுவலர் தவறு செய்யும்போது அறங்காவலர்களுக்கு அது தெரிய வருமா, தெரிந்தும் பேசாமல் இருந்தால் பக்தர்கள் யாரிடம் போய்க் கேட்பது என்ற கேள்விகள் எழும் அல்லவா? பங்குதாரர், இயக்குநர் குழு, தலைமை நிர்வாகி ஆகியோரை வைத்து அதே கேள்விகளைக் கேட்பதுதான் அந்தத் துறை. கனடாவில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல், ஏனென்றால் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்த இந்தியாவின் செபி போல ஒரே தேசிய அமைப்பு அங்கே இல்லை. பத்து மாகாணங்களும் மூன்று ஆட்சிப்பகுதிகளும் தனித்தனி அமைப்புகளை வைத்திருக்கின்றன. இந்தப் பிளவு முதலீட்டாளருக்கு என்ன இழப்பைத் தருகிறது என்பதையும், நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் பெண்களும் சிறுபான்மையினரும் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறார்கள் என்பதையும் அவர் தொடர்ந்து எழுதிவந்தார். ஒன்டாரியோ பங்குச் சந்தை ஆணையம் 2010-இல் முதலீட்டாளர் ஆலோசனைக் குழுவை அமைத்தபோது அதன் முதல் தலைவராக இருந்ததும் அவர்தான்.

உள்ளே இருப்பவர்களே உள்ளே நடந்ததை விசாரித்துக்கொள்ளும் அமைப்பை நம்பக் கூடாது என்பது இந்தத் துறையின் அடிப்படைப் பாடம். பத்து ஆண்டுகள் கழித்து அது அவருக்கு வேறோர் இடத்தில் தேவைப்பட்டது.

ஏர் இந்தியா குண்டுவெடிப்பு விசாரணையில் அவருக்குப் பங்கு உண்டா?

உண்டு, ஆனால் வழக்கை நடத்தியவராக அல்ல. 1985 ஜூன் 23 அன்று கனடாவிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியா 182 விமானம் அயர்லாந்துக் கரைக்கு அப்பால் வெடித்துச் சிதறியதில் 329 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த கனடியர்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலான தாமதத்துக்குப் பிறகு, உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி ஜான் மேஜர் தலைமையில் 2006-இல் விசாரணை ஆணையம் அமைந்தது. பயங்கரவாதத்துக்குப் பணம் போய்ச் சேருவதைத் தடுக்கும் கனடியச் சட்டங்கள் எந்த அளவுக்குப் பயன் தருகின்றன என்பதை மதிப்பிடும் ஆய்வறிக்கையை அந்த ஆணையத்துக்காக எழுதியவர் அனிதா ஆனந்த். நிதிச் சட்டமும் நாட்டின் பாதுகாப்பும் அவருடைய எழுத்தில் சந்தித்த இடம் அது. அவரைப் பற்றிய செய்திக் கட்டுரைகள் பலவும் இதை விட்டுவிடுகின்றன.

அரசியலுக்கு எப்போது வந்தார்? நேராகப் பாதுகாப்புத் துறைக்கா?

2019 அக்டோபர் பொதுத் தேர்தலில், டொராண்டோவுக்கு மேற்கே உள்ள ஓக்வில் தொகுதியில் லிபரல் கட்சி சார்பில் வென்று முதல்முறையாக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். அடுத்த மாதமே ஜஸ்டின் ட்ரூடோ அவரைப் பொதுச் சேவைகள் மற்றும் கொள்முதல் துறை அமைச்சராக்கினார். கனடிய மத்திய அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் இந்து அவர்.

அரசுக்கு வேண்டிய பொருள்களை ஒப்பந்தம் போட்டு வாங்கித் தரும் துறை அது. யாரும் ஏங்கிக் காத்திருக்கும் பதவியல்ல. ஆனால் சில மாதங்களிலேயே கொரோனா வந்தது.

தடுப்பூசி வாங்கியதில் அவர் செய்தது என்ன? வென்றாரா, தோற்றாரா?

இரண்டுக்கும் சான்று காட்டலாம். எந்தத் தடுப்பூசி வெற்றி பெறும் என்று யாருக்கும் தெரியாத 2020-இல், ஃபைசர், மாடர்னா, ஆஸ்ட்ராசெனகா, ஜான்சன் அண்ட் ஜான்சன், நோவாவாக்ஸ், சனோஃபி-ஜிஎஸ்கே, கனடாவின் மெடிகாகோ ஆகிய ஏழு தரப்புகளுடன் கனடா ஒப்பந்தம் செய்துகொண்டது. எந்தக் குதிரை ஓடும் என்று பார்த்துப் பணம் கட்டாமல், ஏழின் மீதும் கட்டும் உத்தி. நாட்டுக்குள் பெரிய அளவில் தடுப்பூசி தயாரிக்கும் ஆலை இல்லாத கனடாவுக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

ஒப்பந்தத்தின் உள்ளே இருந்த ஒரு நுணுக்கம்தான் பின்னர் பெரும் அரசியல் சிக்கலானது. வழங்கல் அளவு வாரக் கணக்கில் அன்றிக் காலாண்டுக் கணக்கில் எழுதப்பட்டிருந்தது: 2021-இன் முதல் மூன்று மாதங்களில் ஃபைசர் 40 லட்சம், மாடர்னா 20 லட்சம். பெல்ஜியத்தில் உள்ள ஃபைசர் ஆலையில் விரிவாக்கப் பணி நடந்ததால் ஜனவரி இறுதியில் ஒரு வாரம் முழுக்க ஃபைசர் தடுப்பூசி ஒன்றுகூட வந்து சேரவில்லை. காலாண்டு முடியும்வரை அதை ஒப்பந்த மீறல் என்று சொல்ல இடமில்லை. ஆனால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஊசி போடும் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த மக்களிடம் இந்தச் சட்ட விளக்கம் எடுபடவில்லை. ஒப்பந்தங்களின் வாசகத்தை வெளியிட மறுத்ததும் விமர்சனத்துக்கு உள்ளானது. ஏழை நாடுகளை மனத்தில் கொண்டு உருவான கோவாக்ஸ் திட்டத்திலிருந்து கனடா தனக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டபோது, ஜி7 நாடுகளில் இப்படிச் செய்தது நீங்கள் மட்டுமே என்ற கண்டனமும் வந்தது. அந்தக் கண்டனம் நியாயமானது என்றே தோன்றுகிறது.

மறுபக்கம், 2021 ஜூலை இறுதிக்குள் 6.6 கோடிக்கும் மேற்பட்ட தடுப்பூசிகள் கனடாவை வந்தடைந்திருந்தன. தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் இரண்டு தவணை போட அது போதும். அரசு சொல்லியிருந்த செப்டம்பர் கெடுவுக்கு முன்பே அது நடந்தது. வெளிப்படைத்தன்மையை வாழ்நாள் முழுதும் பாடமாக நடத்திய ஒருவர் ஒப்பந்த ரகசியத்தைக் காக்க நேர்ந்த முரண் மட்டும் கடைசி வரை தீரவில்லை.

ராணுவத்தில் பணியாற்றாத ஒருவர் எப்படிப் பாதுகாப்பு அமைச்சராக முடியும்?

இந்தக் கேள்விதான் அதிகம் கேட்கப்படுகிறது. மக்களாட்சி நாடுகளில் பாதுகாப்பு அமைச்சர் படையை நடத்துபவர் அல்ல என்பதை முதலில் சொல்ல வேண்டும். கனடாவின் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, படைகளின் நிர்வாகத்துக்கும் அவற்றை நெறிப்படுத்துவதற்கும் அமைச்சர் பொறுப்பு. அமைச்சரின் வழிகாட்டுதலுக்கு உட்பட்டுப் படைகளுக்குக் கட்டளையிடுவது தலைமைத் தளபதியின் பொறுப்பு. அமைச்சகத்தின் குடிமைப் பக்கத்தை நடத்தத் துணை அமைச்சர் என்ற பெயரில் மூத்த அரசு அதிகாரி ஒருவர் தனியே இருக்கிறார். இந்த ஏற்பாட்டில் அமைச்சரின் முதன்மை வேலை மேற்பார்வை.

அவருக்கு முன் அமைச்சராக இருந்த ஹர்ஜித் சஜ்ஜன் ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய படை அதிகாரி. சீருடை அணிந்த அனுபவமே தகுதி என்றால் அவரைவிடப் பொருத்தமானவர் கிடைத்திருக்க மாட்டார். ஆனால் அவருடைய காலத்தில்தான் படைத் தலைமையின் மீதான மேற்பார்வை பெரிதும் சறுக்கியது. தலைமைத் தளபதி ஜோனதன் வான்ஸ் மீதான முறையற்ற நடத்தைப் புகார் குறித்த தகவலைப் படைகளின் குறைதீர்ப்பாளர் 2018-இல் நேரில் கொண்டுவந்தபோது, அரசியல்வாதி இதில் தலையிடக் கூடாது என்ற காரணத்தைக் காட்டிச் சஜ்ஜன் அதைப் பார்க்கவே மறுத்தார். விசாரணையில் தலையிடாமல் இருப்பது வேறு, விசாரணை நடக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளாமல் இருப்பது வேறு. நிறுவனச் சட்டம் படித்தவருக்கு இந்த வேறுபாடு அடிப்படையானது.

அவருக்கு முன் பெண்கள் யாரும் அந்தப் பதவியில் இருந்ததில்லையா?

ஒருவர் இருந்தார். கிம் கேம்பெல் 1993 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சராகி, அதே ஆண்டு ஜூனில் கனடாவின் முதல் பெண் பிரதமரானார். அவரும் வழக்கறிஞர், அதற்கு முன் நீதித்துறை அமைச்சராக இருந்தவர். அடுத்த பெண் வர 28 ஆண்டுகள் ஆயின.

பொறுப்பேற்றபோது படைகளுக்குள் இருந்த நெருக்கடி என்ன?

2021 பிப்ரவரியில், ஓய்வு பெற்றுச் சில வாரங்களே ஆகியிருந்த ஜெனரல் வான்ஸ் மீதான குற்றச்சாட்டுகள் ஊடகங்களில் வெளிவந்தன. அவருக்குப் பின் தளபதியான அட்மிரல் ஆர்ட் மெக்டொனால்டும் அதே மாதத்தில் தம் மீதான விசாரணை ஒன்றினால் பொறுப்பிலிருந்து விலகி நின்றார். அவர் மீது பின்னர் குற்றம் பதிவு செய்யப்படவில்லை, ஆயினும் பதவிக்குத் திரும்பவும் இல்லை. வான்ஸ் நீதிக்கு இடையூறு செய்த குற்றத்தை 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டார். தொடர்ந்து மேலும் பல உயர் அதிகாரிகளின் பெயர்கள் அடிபட்டன.

இது திடீரென்று முளைத்த சிக்கல் அல்ல. உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி மரி டெஷாம் 2015-லேயே படைகளுக்குள் பாலியல் அத்துமீறலுக்கு இடம் தரும் பண்பாடு வேரூன்றியிருப்பதாக அறிக்கை தந்திருந்தார். பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த கூட்டு வழக்குகளில் 90 கோடி டாலர் வரை இழப்பீடு தரும் சமரசத்துக்கு 2019-இல் நீதிமன்றம் ஒப்புதல் அளித்திருந்தது. அறிக்கையும் இருந்தது, பணமும் ஒதுக்கப்பட்டிருந்தது. மாறாமல் இருந்தது விசாரிக்கும் முறை மட்டுமே.

அவர் எடுத்த முதல் முடிவு எது?

உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதியும், ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்தவருமான லூயிஸ் ஆர்பர் அப்போது படைகளைப் பற்றி ஒரு சுதந்திர ஆய்வை நடத்திக்கொண்டிருந்தார். பாலியல் குற்றங்களை விசாரிப்பதையும் வழக்காடுவதையும் ராணுவக் காவல்துறையிடமிருந்தும் ராணுவ வழக்கறிஞர்களிடமிருந்தும் எடுத்துப் பொதுக் காவல்துறையிடமும் பொது நீதிமன்றங்களிடமும் ஒப்படைக்க வேண்டும் என்று 2021 அக்டோபரில் அவர் இடைக்காலப் பரிந்துரை அனுப்பியிருந்தார். அக்டோபர் 26 அன்று பதவியேற்ற அனிதா ஆனந்த் நவம்பர் 4 அன்று அதை ஏற்பதாக அறிவித்தார். அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று, தலைமைத் தளபதி வேய்ன் ஐர், துணை அமைச்சர் ஜோடி தாமஸ் ஆகியோருடன் சேர்ந்து, பாதிக்கப்பட்ட படையினரிடமும் அமைச்சக ஊழியர்களிடமும் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

வழக்குகளைப் பொது நீதிமன்றத்துக்கு மாற்ற அமைச்சரின் உத்தரவு போதாதா?

போதாது, இதுதான் இந்தக் கதையின் சட்டச் சிக்கல். கனடாவுக்குள் நடக்கும் பாலியல் வன்தாக்குதலை ராணுவ நீதிமன்றம் விசாரிக்க 1998 வரை அதிகாரமே இல்லை. அந்த ஆண்டில் நிறைவேறிய திருத்தம்தான் அந்த அதிகாரத்தைத் தந்தது. அதன் பின் ராணுவ அமைப்புக்கும் பொது அமைப்புக்கும் ஒரே நேரத்தில் அதிகாரம் இருந்தது. எந்த வழக்கு எங்கே போவது என்பது நடைமுறையில் முடிவானது. ஆகவே அமைச்சரின் ஒப்புதலோடு வழக்குகளைப் பொதுக் காவல்துறைக்கு அனுப்பத் தொடங்கலாம். ஆனால் ராணுவ அமைப்பின் அதிகாரம் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கும். அடுத்து வரும் அமைச்சர் விரும்பினால் பழையபடி மாற்றிவிடலாம்.

நடைமுறையிலும் தடைகள் இருந்தன. குற்ற வழக்குகளை நடத்துவது கனடாவில் பெரும்பாலும் மாகாணங்களின் வேலை. கூடுதல் வழக்குகளை ஏற்க ஆளும் பணமும் எங்கே என்று சில மாகாணங்கள் கேட்டன. பாதிக்கப்பட்டவர்களும் ஒரே கருத்தில் இல்லை: பொது அமைப்பு மெதுவாக நகரும், எந்த அமைப்புக்குப் போவது என்ற தேர்வு எங்களிடம் இருக்கட்டும் என்று சொன்னவர்களும் அவர்களில் உண்டு.

சட்டத் திருத்த மசோதா 2024 மார்ச்சில்தான் நாடாளுமன்றத்துக்கு வந்தது. அப்போது அனிதா ஆனந்த் அந்தத் துறையில் இல்லை. 2025 ஜனவரியில் ட்ரூடோ பதவி விலகல் அறிவிப்போடு கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டதால் அது காலாவதியானது. அதே நோக்கமுள்ள மசோதா 2025-இல் புதிதாகக் கொண்டுவரப்பட்டது. ஒன்பதே நாளில் கொள்கையளவில் ஏற்ற ஒன்று பல ஆண்டுகள் கழித்தும் சட்டமாகாமல் அலைந்ததற்கு, பதவியில் இருந்த இருபத்தொரு மாதங்களில் மசோதாவைக் கொண்டுவராத அமைச்சரும் ஒரு பொறுப்பாளிதான். சட்டம் தெரிந்தவர் என்பதாலேயே இந்தக் குறை அவர் மீது கூடுதலாக விழுகிறது.

ஆர்பரின் முழு அறிக்கை என்ன ஆனது?

2022 மே 30 அன்று வெளியான அந்த அறிக்கையில் 48 பரிந்துரைகள் இருந்தன. அவற்றில் 17-ஐ அன்றே ஏற்பதாக அமைச்சர் சொன்னார். டிசம்பரில் எல்லாப் பரிந்துரைகள் மீதும் எடுக்கவிருக்கும் நடவடிக்கையை நாடாளுமன்றத்தில் அறிக்கையாக வைத்தார். பரிந்துரைகள் நடைமுறைக்கு வருகின்றனவா என்று வெளியிலிருந்து கண்காணித்து அறிக்கை தர ஜோசலின் தெரியன் என்பவர் நியமிக்கப்பட்டார். பரிந்துரையை ஏற்பதைவிட அதைக் கண்காணிக்க வெளியாள் ஒருவரை வைத்ததுதான் முக்கியமானது. 2015 அறிக்கைக்கு அப்படி ஒரு கண்காணிப்பாளர் இருந்திருந்தால் 2021-இன் நிலை வந்திருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது. படைகளின் நடத்தையையும் பண்பாட்டையும் சீர்படுத்தத் தனியே உருவான பிரிவுக்குத் தலைமையேற்ற ஜென்னி கரிஞான், 2024 ஜூலையில் கனடாவின் முதல் பெண் தலைமைத் தளபதியானார்.

உக்ரைன் போரில் அவருடைய பங்கு என்ன?

பண்பாட்டுச் சீர்திருத்தத்துக்காகவே நியமிக்கப்பட்டவர் என்று கருதப்பட்டவர், நான்கே மாதங்களில் ஐரோப்பாவில் மூண்ட பெரும் போரைச் சந்திக்க நேர்ந்தது. கனடிய வீரர்கள் 2015 முதலே உக்ரைனில் பயிற்சி அளித்துவந்தார்கள். 2022 பிப்ரவரிக்குள் அவர்களிடம் பயின்ற உக்ரைன் படையினர் 30,000-க்கும் மேல். போர் தொடங்கியபின் அந்தப் பயிற்சி பிரிட்டனுக்கு இடம் மாறியது. கனடா தன் கையிருப்பிலிருந்து நான்கு எம்777 பீரங்கிகளை அனுப்பியது. 2023 ஜனவரியில் கீவ் சென்ற அமைச்சர், ஒன்டாரியோவில் தயாராகும் 200 கவச வண்டிகளை அறிவித்தார். அதே மாதம் லெப்பர்ட் 2 டாங்கிகளை அனுப்பவும் முடிவானது. எண்ணிக்கைகள் சிறியவை. தன் படைக்கே போதிய தளவாடம் இல்லாத நாடு தன் கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

போர் விமானம் வாங்கியது அவர் காலத்தில்தானே?

ஆம். பழைய சிஎஃப்-18 விமானங்களுக்கு மாற்றாக 88 எஃப்-35 விமானங்களைச் சுமார் 1,900 கோடி டாலருக்கு வாங்கும் முடிவை 2023 ஜனவரி 9 அன்று அவர் அறிவித்தார். இதில் சுவையான பின்கதை உண்டு: எஃப்-35 வாங்கமாட்டோம் என்று 2015 தேர்தலில் வாக்குறுதி தந்தது இதே லிபரல் கட்சி. கனடாவில் என்ன தளவாடம் தேவை என்று சொல்வது பாதுகாப்புத் துறை, ஒப்பந்தம் போடுவது கொள்முதல் துறை. இந்த இரட்டை ஏற்பாடே தாமதத்துக்குக் காரணம் என்பது பழைய குற்றச்சாட்டு. மேசையின் இரு பக்கமும் அமைச்சராக அமர்ந்தவர் என்ற முறையில் அவர் இதை மாற்றியிருக்கலாம் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்.

அமெரிக்காவுடன் சேர்ந்து வட அமெரிக்க வான்வெளியைக் காக்கும் நோராட் அமைப்பைப் புதுப்பிக்க, ஆறு ஆண்டுகளில் 490 கோடி டாலர் என்று 2022 ஜூனில் அறிவித்தார். இருபது ஆண்டுகளுக்கான மொத்தக் கணக்கு 3,860 கோடி டாலர். 2023 பிப்ரவரியில் கனடாவின் வடமேற்கில் உள்ள யூகான் ஆட்சிப்பகுதியின் வான்வெளியில் அடையாளம் தெரியாத பொருள் ஒன்றை அமெரிக்க விமானம் சுட்டு வீழ்த்தியபோது, அந்தச் செலவு எதற்கு என்ற கேள்வி சற்று ஓய்ந்தது.

2023-இல் ஏன் மாற்றப்பட்டார்? பதவி இறக்கமா?

2023 ஜூலை 26 அன்று கருவூல வாரியத் தலைவராக மாற்றப்பட்டபோது பல விமர்சகர்கள் அப்படித்தான் எழுதினார்கள். பாதுகாப்புக்குக் கூடுதல் பணம் கேட்டு வந்தவரை, செலவைக் குறைக்கச் சொல்லும் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அமைச்சகங்களிடமிருந்து 1,500 கோடி டாலர் மிச்சம் பிடிக்கும் பணி அவருக்குத் தரப்பட்டது. வருங்காலப் பிரதமராகப் பேசப்பட்டதால்தான் இந்த மாற்றம் என்று சொன்னவர்கள் உண்டு. பொருளாதாரம் தெரிந்தவர் தேவை என்று அரசு விளக்கியது. மாற்றத்தின் விலையைப் பாதுகாப்புத் துறை கொடுத்தது என்பதில் மட்டும் ஐயமில்லை: அவர் காலத்தில் தொடங்கிய பாதுகாப்புக் கொள்கை மறுஆய்வு 2024 ஏப்ரலில்தான் வெளிவந்தது.

அரசியலிலிருந்து விலகுவதாக அறிவித்தாரே?

2024 செப்டம்பரில் போக்குவரத்துத் துறை, டிசம்பரில் கூடுதலாக உள்நாட்டு வணிகம் என்று பொறுப்புகள் மாறிய பின், 2025 ஜனவரியில், கட்சித் தலைமைக்குப் போட்டியிடமாட்டேன், அடுத்த தேர்தலிலும் நிற்கமாட்டேன், கற்பிக்கும் பணிக்குத் திரும்புவேன் என்று அறிவித்தார். அமெரிக்க வரி மிரட்டல் சூழ்ந்த மார்ச் முதல் நாளில் அந்த முடிவை மாற்றிக்கொண்டார். மார்க் கார்னி பிரதமரானதும் தொழில்துறை அமைச்சரானார். ஏப்ரலில் ஓக்வில் கிழக்குத் தொகுதியில் வென்று, மே 13 அன்று பகவத் கீதை மீது கை வைத்து வெளியுறவு அமைச்சராக உறுதிமொழி எடுத்தார்.

குடும்பத்தையும் பதவியையும் எப்படிச் சமாளித்தார்?

அவருடைய கணவரும் வழக்கறிஞர், நான்கு பிள்ளைகள். சஜ்ஜனிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதாகத் தெரியவில்லை.

வெளியுறவு அமைச்சராக இந்தியாவுடனான உறவில் அவர் நிலை என்ன?

காலிஸ்தான் ஆதரவாளரான கனடிய சீக்கியர் ஹர்தீப் சிங் நிஜ்ஜார் 2023 ஜூனில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கொல்லப்பட்டதில் இந்திய அரசுக்குத் தொடர்பு இருப்பதாகக் கனடா குற்றம் சாட்டியதை அடுத்து இரு நாடுகளின் உறவு முறிவின் விளிம்புக்குப் போயிருந்தது. தூதர்கள் திரும்பப் பெறப்பட்டிருந்தார்கள். 2025 ஆகஸ்டில் இரு நாடுகளும் மீண்டும் தூதர்களை நியமித்தன. அக்டோபரில் புதுதில்லி வந்த அனிதா ஆனந்த், பிரதமர் மோடியையும் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரையும் சந்தித்தார். வணிகம், எரிசக்தி, முக்கியக் கனிமங்கள் குறித்துப் பேச்சைத் தொடர்வது, கொலை வழக்கைக் காவல்துறையும் நீதிமன்றமும் தம் வழியில் நடத்த விட்டு, சட்டத்தின் ஆட்சியில் சமரசம் செய்யாமல் இருப்பது என்று இரண்டையும் பிரித்து நிறுத்துவதே அவர் எடுத்த நிலை. கனடாவில் வாழும் சீக்கியர்களில் ஒரு பகுதியினர் இதை மென்மை என்று குறை கூறுகிறார்கள். வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட நான்கு இந்தியர்கள் 2024 மே மாதம் கைதாகினர். அந்த வழக்கு பிரிட்டிஷ் கொலம்பியா நீதிமன்றத்துக்குச் சென்றது.